அரசப்பனின் குரல்

காக்களூர் தொழிற்பேட்டையில் பெயின்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே சங்கத் தலைவர் சாலமோன். எழுபத்து மூன்றாம் வருஷ ஸ்ட்ரைக்கில் எல்லாரையும் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து, வேலை போனவர்களைத் திரும்ப உள்ளே சேர்த்தவர். அதற்கப்புறம் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் டீயை ஆற்றிக் குடித்தால் ஷெட்டே ஆற்றிக் குடித்தது. ஒருநாள் மீசையை மழித்துவிட்டு வந்தார். அந்த வாரம் முடிவதற்குள் ஷெட்டில் ஒரு மீசை மிச்சமில்லை. சாலமோனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அடுத்த போராட்டத்துக்காக கேட் மீட்டிங் போட்டபோது, தகடு தள்ளும் அரசப்பன் மட்டும் எழுந்து நின்றான்.

"இன்னாத்துக்குண்ணா மறுபடியும் ஸ்ட்ரைக்கு? கேட்டதத்தான் குட்த்துட்டாரே ஓனரு. புள்ளைங்க இப்பத்தான் வயிறாரத் துன்னுதுங்க."

எல்லாரும் சாலமோனைப் பார்த்தார்கள். அவன் கேட்டது நியாயம் என்று அவருக்கே பட்டது. அதனால்தான் அவர் சிரித்தார்.

"பேஜாருப்பா இவனோட. இனிமே இவன் கொரலு நம்ம காதுல உழக் கூடாது, சொல்ட்டேன்!"

ஒரே சிரிப்பு. அரசப்பனும் சிரித்தான். சாலமோன் வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதோடு அதை மறந்துபோனார்.

சில நாள் கழித்து, டீ கேனோடு வந்த கங்கம்மா அரசப்பனைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்து ஏதோ சொன்னான். மெஷின் இரைச்சலில் என்னவென்று கேட்கவில்லை. டீதான் கேட்டிருப்பான்.

"கங்கம்மா, அரசப்பனுக்கு ஊத்தாமப் போறியே?"

"அது ஒண்ணும் கேக்கலியே நைனா," என்று அவள் திரும்பி வந்து ஊற்றினாள். பொய் சொல்லுகிற முகம் இல்லை அது.

பவர் பிரஸ்ஸுக்கு இரண்டு ஆள் வேண்டும். அரசப்பன் தகட்டை அச்சுக்கு அடியில் தள்ளி, கையை வெளியே எடுத்து, "ஆச்சு" என்பான். துலுக்காணம் பெடலை மிதிப்பான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கை உள்ளே போய் வந்தது. மறுநாள் காலை சாலமோன் அந்தப் பக்கம் போனார். தகடு சிக்கி, அரசப்பன் கையை உள்ளே விட்டிருந்தான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். துலுக்காணம் அவனைப் பார்த்துக்கொண்டே, குத்துமதிப்பாக நேரம் கணக்கிட்டு மிதித்தான்.

கை தப்பியது. சட்டைக் கையின் நுனி மூடியோடு சேர்ந்து வட்டமாக வெட்டுண்டு விழுந்தது.

"டேய் துலுக்காணம்! அவன் அந்தக் கத்து கத்துறான், காதுல உழலையா?"

"யாருண்ணா கத்துனது?" என்று கேட்டான் துலுக்காணம். அவன் கண் தெளிவாக இருந்தது. பிறகு மெதுவாக, "நீங்கதானண்ணா உழக் கூடாதுன்னீங்க," என்றான்.

 சாலமோன் எல்லாரையும் கூப்பிட்டார்.

"யோவ், அன்னிக்கி தமாசுக்குச் சொன்னேன்யா! இனிமே அவன் கொரலு ஒங்க எல்லாருக்கும் கேக்கணும். புரியுதா?"

"சரிண்ணா," என்றது ஷெட், ஒரே வாயாக. உடனே எல்லாரும் அரசப்பன் பக்கம் திரும்பினார்கள். "இப்ப நல்லாக் கேக்குதுண்ணா."

அவர்களை நம்பி அரசப்பன் கையை அச்சுக்குள் விடச் சாலமோனுக்கு மனம் வரவில்லை. தாமே பெடலுக்கு வந்து காலை ஓங்கினார். அரசப்பன் அவர் முகத்தையே பார்த்தபடி தகட்டைத் தள்ளினான். கை அச்சுக்கடியில் இருந்தது. உதடு அசைந்தது.

"இன்னாடா? ஒறக்கச் சொல்லு."

மறுபடி அசைந்தது.

"எல்லா மோட்டாரையும் நிறுத்துங்கப்பா!"

நிறுத்தினார்கள். கூரைத் தகரத்தில் காக்காய் நடப்பது கேட்டது. வாசல் குழாய் சொட்டுவது கேட்டது. அரசப்பன் வாயை அகலத் திறந்து கத்தினான். அது மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு மீட்டிங்கில் அவன் உட்கார்ந்த பிறகு அந்தக் குரலைத் தாம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது சாலமோனுக்கு அப்போதுதான் உறைத்தது.

சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் அவரைப் போலவே வலது காலை ஓங்கியபடி நின்றார்கள்.

"ஒங்களத்தாண்ணா கூப்புட்றான்," என்றான் துலுக்காணம், அன்பாக. "காதுல உழலையா?"

கேட்கும்படி அவர்களுக்குச் சொல்ல சாலமோன் இருந்தார். சாலமோனுக்குச் சொல்ல அந்த ஷெட்டில் அரசப்பனைத் தவிர ஆள் இல்லை.

அவர் காலைப் பின்னுக்கு இழுத்தார். எல்லாக் கால்களும் பின்னுக்குப் போயின. அரசப்பன் அச்சுக்கடியிலிருந்து கையை எடுத்தான். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.