அச்சு பதிந்த ரொட்டி

ஃபெஸ் நகரத்தில் எங்கள் சந்துக்கு ஒரே பொது அடுப்பு. ஒவ்வொரு வீடும் மாவில் தன் அச்சைக் குத்தி, பலகையில் அடுக்கி அனுப்பும். சில நாளாக ஹனியா வீட்டுப் பலகை ஒரு ரொட்டி குறைந்தே திரும்பியது. அடுப்புக்காரர் அயாத்திடம் கேட்டால் வாய் திறப்பதில்லை.

அன்று மதியம் ஹனியா மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு பத்தூலும் கூடவே வந்தாள்.

"ஏங்க, அந்த மிலூதாவோட குழந்தை கையில நம்ம அச்சு ரொட்டி. திருடியிருந்தா அவ வீட்டுல நம்ம ரொட்டி இருக்கும். இருக்கு. அப்போ திருடிதானே?" என்று கணவரிடம் கேட்டாள் ஹனியா.

மிலூதா புருஷனை இழந்தவள். வீடு வீடாகப் போய்க் கம்பளி அலசிப் பிழைப்பவள். திருடி என்று பேர் வந்தால் ஒரு கதவும் திறக்காது.

ஹனியாவின் கணவர் அப்துல்ஹாதி பள்ளிவாசலில் தர்க்கம் கற்பிப்பவர். மெதுவாகக் கேட்டார்: "மழை பெஞ்சா மொட்டை மாடி நனையும். இப்ப மாடி நனைஞ்சிருக்கு. மழையா?"

"இல்ல, நான்தான் கழுவிவிட்டேன்," என்றாள் ஹனியா.

"நனைஞ்சதை மட்டும் வச்சு மழைன்னு சொல்ல முடியலையே. இதுவும் அப்படித்தான்."

"அப்போ ரொட்டிக்குக் கால் முளைச்சுதா, வாத்தியாரே?" என்றாள் பத்தூல்.

"அது அங்க போய்ச் சேர வேற வழி இருக்கலாம்மா. முழுசாத் தெரியாம ஒரு பொண்ணு பேரைக் கெடுத்தா, அல்லாஹ்வுக்கு நாமதான் பதில் சொல்லணும்."

பத்தூல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள்.

ஹனியா கணவரையே பார்த்தாள். "திருடுறவ தினமும் ஒண்ணே ஒண்ணு எடுக்க மாட்டா. அயாத் வாயே திறக்கல. ஓரம் கருகினாலே முணுமுணுக்கிற நீங்க, ரொட்டி குறையுறதை ஒரு நாளும் கேட்கல. அப்போ அயாத் மூலமா அவளுக்குக் கொடுத்தனுப்பினது நீங்கதானா?"

அவர் தலை குனிந்தார்.

"பத்தூல்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமே."

"திருடிங்கிற பேர் போயிருக்கும். பிச்சைக்காரிங்கிற பேர் ஒட்டியிருக்கும். அவ என்கிட்ட ஒண்ணும் கேட்கலையே, ஹனியா."

மறுநாள் பொதுக் குளியல் கூடத்தில் பத்தூல் மிலூதாவின் பேச்சை எடுத்தாள். பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன். அவ எடுக்கல," என்றாள் ஹனியா.

"வாத்தியார் பொண்டாட்டிக்கே தர்க்கம் தப்பிடுச்சா?" என்றாள் பத்தூல்.

கூடமே சிரித்தது. ஹனியா முகம் சிவந்து, அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு, கம்பளி மூட்டையோடு வாசலில் தயங்கி நின்ற மிலூதாவை, தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தாள்.