பூஜ்ஜியத் தெரு

சவுக்குமேட்டுத் தெருக் காற்றில் அம்மோனியா இல்லை என்று காற்றை அளக்கும் லேசர் மெஷின் சொல்லிவிட்டதால், அந்தத் தெருவில் யாரும் இருமக் கூடாது என்று உத்தரவு வந்தது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பொற்கொடியின் மகள் தேன்மொழிக்கு ஆறு வயது. அவள் உத்தரவைப் படிக்கவில்லை, இருமினாள். வெள்ளிக்கிழமைக்குள் நிறுத்தாவிட்டால் இருமலோடு சேர்த்து அவளையும் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே அவளுடைய இடது கை கொஞ்சம் மங்கியிருந்தது.

பொற்கொடி மகளின் இருமலை எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொண்டு காற்று அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி தணிகாசலம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அங்கே மரியாதைக்குக் குறைச்சலில்லை.

“மெஷினுக்கு மொதல்ல சுத்தமான காத்தைக் காட்டி, இதுதான் பூஜ்ஜியம்னு சொல்லித் தரணும்மா. அன்னைக்கு சிலிண்டர் காலி. உங்க தெருக் காத்தையே காட்டிட்டோம்.”

“அப்போ தப்பு உங்க மேலதான சார்?”

“ஆமா. ஆனா பூஜ்ஜியம் பூஜ்ஜியம்தான். நேத்து மலைக்காத்து மைனஸ் நாப்பது காட்டிச்சு. மலைக்கு நோட்டீஸ் அனுப்பிட்டோம்.”

“என் பொண்ணு இருமுறா சார்.”

“அது ரொம்பக் கொஞ்சமா இருக்கும். கொஞ்சமா இருக்கறதப் புடிக்கணும்னா, ஒளி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல நூத்துக்கணக்கான தடவ போய் வரணும். லேசர் இன்னைக்கு லீவு. அதுக்குப் பதிலா நீங்க நடக்கறீங்களா?”

“நடக்குறேன்.”

அலுவலக நடைபாதையின் இரு முனையிலும் ஆளுயரக் கண்ணாடி. பொற்கொடி டப்பாவை நடுவில் திறந்து வைத்துவிட்டு நடந்தாள். ஒவ்வொரு நடைக்கும் பாதை ஓர் அறை அளவுக்கு நீண்டது. நூறாவது நடையில் கேன்டீன் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது. அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தாள், நிற்கவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது நடையில், தணிகாசலத்தின் திரையில் ஓடிய நேர்கோட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. அவர் எழுந்து நின்றார்.

“இருமல் இருக்கு. பொண்ணும் இருக்கா,” என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, முத்திரை குத்தினார். “வூட்டுக்குக் கெளம்புங்கம்மா.”

பொற்கொடி அப்போது மறுமுனையில் இருந்தாள். நீண்டு நீண்டு அந்த முனை சவுக்குமேட்டுத் தெருவுக்கே வந்துவிட்டிருந்தது. நாற்பத்தோரு வீட்டுக்காரர்களும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். இருமலை அடக்கியதில் அவர்கள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

அவள் புடவையை இழுத்துச் செருகினாள்.

“கைய எடுங்க,” என்றாள். “எல்லாரும் நல்லா இருமுங்க. நான் நடக்குறேன்.”