பெட்டி வேண்டாம் என்றவர்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு செத்தவீட்டை ஒழுங்காக நடத்தி முடிப்பது லேசுப்பட்ட காரியமா? பிரேதம் பார்க்க வருகிற சனம் முதலில் பெட்டியைத்தான் பார்க்கும். வங்கியில் உதவி முகாமையாளராக இருந்த நாகேந்திரத்துக்கு இது நன்றாகத் தெரியும். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை மூடியபிறகு ஊரில் பாதி இந்த ஒழுங்கைகளுக்குள்தான் வந்து குடியிருந்தது. அதனால் நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியராக இருந்த அப்பா இரத்தினசிங்கம் கண்ணை மூடிய கையோடு, சவப்பெட்டி விற்கிற மலர்ச்சாலைக்கு ஓடிப்போய், பித்தளைப் பிடியும் கண்ணாடியும் வைத்த தேக்குப் பெட்டியாகப் பார்த்து எடுத்தான். கனடாவிலிருந்து தங்கச்சி கௌரி வந்து சேரும்வரை பழுதாகாமலிருக்க உடம்புக்கு மருந்தும் ஏற்றச் சொன்னான்.

அப்பா கேட்டது இதையல்ல. கீழ்வீட்டுப் பதியுதீன் நானாவின் தம்பியை அடக்கம் செய்யப் போய்விட்டு வந்த அன்று, மனுசன் பல்கனியில் பெயின்ற் வாளிக்குள் வளர்த்த வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, என்னையும் அப்பிடித்தான். பெட்டி வேண்டாம், மருந்து வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். ஒரு வேட்டியில சுத்தி மண்ணுக்க வை. மேல இந்த வேம்பை நடு. வாய்க்கால் வெட்டுவிச்சே சீவிச்சவன் நான். அந்த மண்ணுக்குக் குடுக்க என்னட்ட வேற என்ன கிடக்கு?"

"ஓம் அப்பா" என்றான் நாகேந்திரம். கிழவரோடு என்னத்துக்குத் தர்க்கம் என்று நினைத்தான்.

செத்தவீடு நிறையச் சனம் இருந்தபோது பதியுதீன் வந்தார்.

"தம்பி, மயானத்துப் பொறுப்பாளரோட பேசிட்டு வந்தேன். பெட்டி இல்லாம வைக்க ஏலுமாம். ஆழமா வெட்டணுமாம். மாநகரசபையில அவரே சொல்லி அனுமதி எடுத்துத் தாராராம். ஓவசியர் ஐயா ஆசைப்பட்டாரே, அதான்."

முன்கதிரையில் இருந்த அன்னபாக்கியம் மாமி நிமிர்ந்தாள். "பெட்டியில்லாமலோ? கேக்க ஆளில்லாத பிரேதங்களையல்லோ இப்ப அப்பிடிப் புதைக்கிறாங்கள்."

அந்த வருஷங்களில் அப்படி மண்ணுக்குள் போனவர்களைப் பற்றி அங்கே எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நாகேந்திரத்தைப் பார்த்தார்கள்.

"அப்பா அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை, நானா" என்றான் அவன்.

பதியுதீன் அவனை ஒருதரம் பார்த்தார். "அப்ப நான்தான் பிழையா விளங்கியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். அந்த மனுசன் சண்டை பிடித்திருந்தால்கூட நாகேந்திரம் தப்பியிருப்பான்.

கௌரி வந்தாள். கண்ணாடிமேல் முகத்தை வைத்து அழுதாள். அழுது ஓய்ந்ததும், எல்லாரும் கேட்கத்தான் கேட்டாள்.

"அண்ணா, ஏன் பெட்டி? டெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம் அப்பா இதைத்தானே கதைச்சவர். அண்ணா ஓமெண்டிட்டான், இனி எனக்கு யோசனையில்லை எண்டவர்."

மாமி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பதியுதீன் இருந்த பக்கம் திரும்ப நாகேந்திரத்துக்குத் துணிவில்லை.

"மருந்து ஏத்தியாச்சு, கௌரி. நஞ்சோட மண்ணுக்க வைக்கிறதோ? நீ வந்து முகம் பாக்கவேணுமெண்டுதானே..."

பழியைக் கொண்டுபோய்த் தங்கச்சி தலையில் போடுகிற கெட்டித்தனத்தைப் பாருங்கள்.

"நான் கேட்டனானோ, அண்ணா?" என்றாள் அவள். அவள் கேட்கவில்லை.

பெட்டியோடு எரித்தார்கள். தூக்கும்போது பதியுதீனும் தோள் கொடுத்தார். சாம்பல் கடலுக்குப் போனது.

கௌரி திரும்பிப் போனபிறகு, நாகேந்திரம் வேம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். வேர் முட்டி வாளி வெடித்திருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனான். கதவு திறந்ததும் வேறு கதைதான் வாயில் வந்தது.

"நானா, இதை எங்கையாவது நட்டுவிடுங்கோ."

பதியுதீன் இலையைத் தொட்டுப் பார்த்தார். "நட்டாப் போச்சு தம்பி. ஐயா எங்க நடச் சொன்னாரு?"

"தனக்கு மேல" என்றான் நாகேந்திரம்.

பதியுதீன் வாளியை வாங்கக் கையை நீட்டினார். நாகேந்திரம் வாளியை இறக்கி வைக்காமல் படியிலேயே நின்றான்.