தமிழில் ஓடிய ரேஸ்

நீடாமங்கலத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த ராஜசேகருக்குக் கார் ரேஸ் என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்னால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்துக்குப் பஸ் ஏறிப் போய், வெயிலில் நின்று ரேஸ் பார்த்து, காது அடைத்துப்போய் ஊர் திரும்பியவர். ஐம்பதை நெருங்கியும் அந்தக் கிறுக்கு தெளியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐரோப்பாவில் ஏதாவது ரேஸ் என்றால், சொந்தத்தில் யார் வீட்டு வரவேற்புக்கும் அவர் போகமாட்டார். மனைவி ஜெயாதான் தனியாகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவாள். “அவருக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்லிச் சொல்லி, ராஜசேகர் ஒரு நோயாளி என்றே உறவுக்காரர்கள் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

டிவியில் ஒரு காலத்தில் கார்ப் பைத்தியங்களுக்கு நல்ல தீனி இருந்தது. புது வண்டியை ஓட்டிப் பார்த்து, பானெட்டைத் திறந்து காட்டி, நல்லது கெட்டது சொல்லும் நிகழ்ச்சி இருந்தது. பாலைவனத்தில் ஓடும் ராலி இருந்தது. எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. இன்ஜினைக் காட்டியவர்கள் நடிகர் வீட்டுக் கார் ஷெட்டைக் காட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் காரை விட்டுவிட்டு, அந்த நடிகர் வீட்டுச் சமையலறைக்குள் புகுந்துவிட்டார்கள். ராலி வந்த நேரத்தில் பழைய கிரிக்கெட் மேட்ச் ஓடியது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சேனலில் வந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ்தான்.

இதைப் பேசிப் புலம்பவே ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. தஞ்சாவூரில் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்தும் குணசேகரன் ஆரம்பித்தது. முத்துப்பேட்டையில் கேபிள் டிவி நடத்தும் ஷேக் பரீத் அதில் இருந்தார். ராஜசேகரும் இன்னும் இருபது முப்பது பேரும் இருந்தார்கள். பாதிப்பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ரேஸ் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலப் பேசிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் மார்ச்சில் சேனல் ஒரு மாற்றம் செய்தது. ரேஸை இனி தமிழிலும் கேட்கலாம் என்றார்கள். வர்ணனை சொல்ல செம்மொழி என்று ஒரு பெண் வந்தாள். சொந்த ஊர் நன்னிலம். தடதடவென்று பேசினாள், நடுநடுவே சிரித்தாள்.

முதல் ரேஸிலேயே ஒரு கார் சுவரில் மோதிவிட்டது. வழக்கம்போலப் பாதுகாப்பு வண்டி ஒன்று உள்ளே வந்து மெதுவாக முன்னால் போக, மற்ற கார்கள் முந்தாமல் அதன் பின்னால் ஊர்ந்தன.

“இவ்வளவு நேரம் ஓடிச் சேர்த்த இடைவெளி அவ்வளவும் போச்சு!” என்றாள் செம்மொழி. “முன்னாடி பறந்தவரும் ஒண்ணுதான், கடைசியா வந்தவரும் ஒண்ணுதான். நீடாமங்கலத்துல ரயில்வே கேட்டு போட்ட மாதிரி எல்லாரும் வரிசையா வந்து நிக்கிறாங்க. கேட்டு தொறந்ததும் யாரு முந்தப் போறாங்கன்னு பாருங்க!”

குரூப்பில் அடுத்த நிமிஷமே குணசேகரன் கொதித்தார். ‘இது ரேஸா, டவுன் பஸ்ஸா? ஒரு டெக்னிக்கல் வார்த்தை உண்டா?’ மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ராஜசேகருக்கு எல்லோரையும்விடக் கோபம். நாள் முழுக்க அவர் கையில் பேரிங்கும் கிரீஸும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான் இந்த ஊரை மறந்து கடலோரத் தெருக்களிலும் மலைக் காடுகளிலும் அவர் பறக்கிற நேரம். அங்கேயும் வந்து நீடாமங்கலம் கேட்டா?

மறுநாள் கடையில் உட்கார்ந்து போனிலேயே ஒரு படம் செய்தார். நம்ம ஊர் ரயில்வே கேட், அதன் முன்னால் வரிசையாக ரேஸ் கார்கள், ஓரத்தில், அங்கே பஸ் பஸ்ஸாக ஏறி விற்பவர்களைப் போல வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு செம்மொழியின் முகம். குரூப்பில் சிரித்து உருண்டார்கள். படம் குரூப்பைத் தாண்டிச் சென்னை, பெங்களூர் என்று சுற்றி, கடைசியில் அந்தச் சேனலின் இணையப் பக்கத்திலேயே யாரோ கொண்டுபோய் ஒட்டினார்கள்.

ஷேக் பரீத் மட்டும் ராஜசேகருக்குப் போன் பண்ணினார். “சேகரு, விளையாட்டு போதும்பா. நான் கேபிள்ல இருக்கிற ஆளு, சொல்றேன் கேளு. நம்ம முப்பது பேருக்காக ஒரு சேனலும் ரேஸ் போடாது. தமிழ்ல போட்டா நாலு வீடு கூடப் பார்க்கும். அந்த நாலு வீடுதான் நம்மளைக் காப்பாத்தும்.”

“அதுக்காக ரேஸைக் கேவலப்படுத்தச் சொல்றீங்களா பாய்?”

“கேவலம்னு யாரு சொன்னா? உனக்குத்தான் அப்படித் தோணுது” என்று சொல்லி பரீத் வைத்துவிட்டார்.

இதற்கிடையில் வீட்டில் ராஜசேகர் எதிர்பாராத ஒன்று நடந்துகொண்டிருந்தது. கேட் பேச்சு காதில் விழுந்த அன்றே ஜெயா பாதி உரித்த வாழைப்பூவோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். “என்னங்க, நம்ம கேட்டையா சொல்றா அந்தப் பொண்ணு?” என்று சிரித்தவள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த ரேஸுக்கு வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டு வந்தாள். ஒரு நாள் பந்தயத்தின் நடுவே மழை கொட்டியது. “வழவழ டயரை வச்சுக்கிட்டு இந்தத் தண்ணியில நிக்க முடியாதுங்க. சேத்து வயல்ல டயர் வண்டிய எறக்கி அறுப்பு அறுக்க முடியுமா? பெல்ட்டு போட்ட அறுப்பு மெஷின்தானே வேணும்? அதுக்குத்தான் எல்லாரும் டயர் மாத்த ஓடுறாங்க” என்றாள் செம்மொழி. ஜெயா திரும்பி, “இவ்வளவுதானா விஷயம்? இத்தனை வருஷம் ஏன் எங்கிட்ட சொல்லலை?” என்றாள்.

“நீ கேட்டதில்லையே” என்றார் ராஜசேகர்.

“ஒரு தடவை கேட்டேன். சும்மா இருன்னீங்க.”

அவருக்கு ஞாபகம் இல்லை. அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

ஆடி வருவதற்குள் ஜெயா ஆளே மாறிவிட்டாள். “இவன் இப்ப டயர் மாத்தமாட்டான் பாருங்க, இழுத்துக்கிட்டே போவான்” என்று அவள் சொல்ல, அதுபோலவே நடந்தபோது, அவர் வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கூடத்தில் இரண்டு பேர் சிரித்தது அப்போதுதான். ஆனாலும் விளம்பர இடைவேளையில் அவர் போனை எடுத்துக் குரூப்பில் எழுதுவார்: ‘இன்னிக்கும் அதே கொடுமை.’ சேனலுக்குப் புகாரும் அனுப்புவார். பக்கத்தில் மனைவி ரசித்துக் கேட்பதும், தான் அதை நிறுத்தச் சொல்வதும் அவர் மனசில் ஒன்றோடொன்று மோதவே இல்லை. இது வீடு, அது குரூப். அவ்வளவுதான் அவருக்கு.

ஆகஸ்டில் தமிழ் வர்ணனை நின்றது. குணசேகரன் குரூப்பில் கைதட்டும் படங்களாகப் போட்டுத் தள்ளினார். ‘ரசிகர்களின் வெற்றி’ என்று எழுதினார். ராஜசேகரும் கைதட்டினார்.

அந்த ஞாயிறு ஜெயா காபியோடு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு எங்கங்க? இங்கிலீஷ்ல பேசுறாங்க?”

“நிறுத்திட்டாங்க.”

“ஏன்?”

“பார்க்க ஆள் இல்லையாம்.”

ஜெயா டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் பார்த்தேனே” என்றாள்.

ராஜசேகர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். “நான் சொல்றேன் உனக்கு” என்று ஆரம்பித்தார். முதல் இரண்டு சுற்றுக்குச் சொன்னார். மூன்றாவது சுற்றில் முன்னால் போன இரண்டு கார்கள் உரசிக்கொண்டன. அவர் டிவிக்குள் போய்விட்டார். ஜெயா என்னவோ கேட்டாள். “இரு, இரு” என்று கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த வாரம் கூப்பிட்டார். “நீங்க பாருங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு” என்றாள். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பார்.

ரேஸ் சீசன் முடியும் சமயம் ஷேக் பரீத் போன் பண்ணினார். “கேள்விப்பட்டியா? அடுத்த வருஷம் அந்தச் சேனல்ல ரேஸே கிடையாதாம். சீரியல் மறுஒளிபரப்பு. இனிமே போன் ஆப்ல பார்க்கிறவன் பார்த்துக்க வேண்டியதுதான்.”

“ஏன் பாய்?”

“தமிழ்ல போட்டப்ப பார்த்த கூட்டம், நிறுத்தினதும் போயிடுச்சாம். நான் சொன்னேன்ல?”

குரூப்பில் அன்றைக்குப் பெரிய வாக்குவாதம். ஆப் தான் நல்லது, விளம்பரம் இல்லை என்றார் ஒருவர். டிவி இருந்ததால்தான் எங்கப்பாவோடு பார்த்தேன், போனில் யாரோடு பார்ப்பது என்று கேட்டார் ஒருவர். உண்மையான ரசிகன் எங்கே போட்டாலும் தேடிப் பார்ப்பான் என்றார் குணசேகரன்.

மார்கழியில் தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் கம்பெனி விழா. கடைக்காரர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். மண்டபத்தில் மைக் பிடித்து நடத்திய பெண் பேசத் தொடங்கியதுமே ஜெயா அவர் கையைப் பிடித்தாள். “என்னங்க, அவதான்! செம்மொழி!”

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் ஜெயாவே தேடிப் போய்ப் பேசினாள். ராஜசேகர் பின்னால் நின்றார்.

“நீங்க ரேஸ் சொன்னீங்களேம்மா, அதாலதான் எனக்கே புரிஞ்சுது. எங்க ஊரு கேட்டைச் சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு டிவி முன்னாடி உக்காந்தவதான்.”

செம்மொழி நம்பாதவள் போலப் பார்த்தாள். “நிஜமாவா அக்கா? நீடாமங்கலமா? எங்கப்பா பஸ் டிரைவர். கும்பகோணம், மன்னார்குடி ரூட். அந்தக் கேட்டுல தினமும் நின்னவரு. ஸ்டீரிங்கைப் பத்தி எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அதான் வாயில அப்படி வந்துச்சு.”

“ஏம்மா நிறுத்தினாங்க?”

“புகார் மேல புகார் அக்கா. என் மூஞ்சியை வச்சு கேட்டுல வெள்ளரிப் பிஞ்சு விக்கிற மாதிரி ஒரு படம். அதைச் செஞ்சது நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கணும். வெளியூர்க்காரனுக்கு அங்க பிஞ்சு விக்கிறது எப்படித் தெரியும்?” சிரித்தாள். “வெளியூர்க்காரங்க சிரிச்சிருந்தா விட்டிருப்பேன். போகட்டும்க்கா. இப்ப கல்யாணம், கடைத்திறப்புன்னு மைக் பிடிக்கிறேன். சார் எப்படி, ரேஸ் பார்ப்பீங்களா?”

“பார்ப்பேம்மா” என்றார் ராஜசேகர். செம்மொழி கும்பிட்டுவிட்டு மேடைக்குப் போய்விட்டாள்.

திரும்பும்போது கார் அம்மாபேட்டையைத் தாண்டியது. இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் பால் பிடித்து நின்றது.

“அந்தப் படம் உங்க குரூப்புக்கும் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“சிரிச்சீங்களா?”

“நாந்தான் செஞ்சேன்” என்றார்.

ஜெயா ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். “அந்தப் பொண்ணுகிட்ட அங்கேயே சொல்லியிருக்கலாம்” என்றாள்.

பிறகு அவர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். விழா நடத்தியவர்களிடம் நம்பர் வாங்கிச் செம்மொழியிடம் பேசி, அந்தப் படத்தைச் செய்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னாள். தமிழில் வேண்டும் என்று ஆப்காரர்களுக்கு எழுதச் சொல்லிக் குரூப்பில் கேட்டார். ஷேக் பரீத் எழுதினார். வேறு யாரும் எழுதவில்லை. ஆப்காரர்களிடமிருந்து நன்றி என்று ஒரு வரி வந்ததோடு சரி.

புது சீசன் மார்ச்சில் ஆரம்பித்தது. ராஜசேகர் கூடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையளவு போனில் ரேஸ் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஜெயா பக்கத்து வீட்டு அம்சத்தோடு வெண்ணாற்றங்கரைப் பக்கம் நடக்கப் போகிறாள். அப்படி ஒரு நாள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் போனை அணைத்துவிட்டு எழுந்தார்.

“நானும் வரவா?”

“உங்களுக்கு ரேஸ் இருக்கே” என்றாள் ஜெயா. குத்தலாக இல்லை, நினைவுபடுத்துகிற மாதிரித்தான் சொன்னாள். வாசலில் அம்சம் கூப்பிடுவது கேட்டது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.