கடைசி வரிக்குக் கீழே

எனக்கு வாய் நீளம் என்று உம்மா எப்போதும் ஏசுவார். போன சனிக்கிழமை மட்டுமாவது அந்த வாயைத் தைத்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு தரும சங்கம் இலவசக் கண் சத்திரசிகிச்சை முகாம் நடத்தியது. பதிவு முழுக்க இணையத்தில்; பதிந்தவர்களைச் சங்கத்திலிருந்து போனில் கூப்பிடுவார்கள். தளத்தை எழுதியவள் நான். சங்கச் செயலாளர் நபீல் நாநா சிங்களமும் இங்கிலீஷும் போதும் என்றார். "தேயிலைத் தோட்டத்து ஆக்கள் எந்தப் பாஷையில நாநா வாசிக்கிற?" என்று சண்டை பிடித்து, நோன்புப் பெருநாளுக்கு முந்திய அவசரத்திலும் தமிழ்ப் படிவத்தைச் சேர்த்தேன். அதில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

முகாமன்று வாசலில் மடிகணினியோடு உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு பெண், தாயின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தாள். தாய்க்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

"அம்மா பேரு பாலம்மா, நாவலப்பிட்டி. நான் மக, சிந்துஜா. நாந்தாங்க மிஸ் போன்ல பதிஞ்சேன். யாரும் கூப்பிடல. பதிவுதான் இருக்கேன்னு வந்துட்டோம்."

தேடினேன். பெயர் இல்லை.

"பதிவு கிடைத்ததுன்னு பச்சையா வந்துச்சுங்க மிஸ்."

"வந்தா இதுல ஈக்கணுமே. நீங்க எங்கயோ பிழையா அமத்தி ஈக்கிறீங்க. அடுத்த முகாமுக்குப் போடுங்க."

"அடுத்த மாசம் நான் கொழும்புக்கு வேலைக்குப் போகணும் மிஸ். இவங்களுக்குக் கண்ணு தெரிஞ்சாத்தான் விட்டுட்டுப் போக முடியும். இல்லேன்னா அந்த வேலை வேணாம்னு சொல்லணும்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எனக்கு எரிச்சல். "லிஸ்ட்ல இல்லாதவங்கள டொக்டர் எடுக்க மாட்டார். நான் என்ன செய்ய?" என்று அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கேட்டைத் தாண்டும்போது தாய் ஏசுவது கேட்டது. "படிச்ச புள்ளைன்னுதானே உங்கிட்ட விட்டேன். ஒரு போனை அமுக்கத் தெரியலையா உனக்கு?" அந்தப் பிள்ளை தாயின் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தினாள்.

சற்று நேரத்தில் நபீல் நாநா தேநீரோடு வந்து என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார். "பாத்தியா நப்லா, தமிழ்ல ஒருத்தர் கூடப் பதியல்ல. சும்மா ஒரு சண்ட."

ஒருத்தி பிழையாக அமத்தலாம். மலையகம் முழுக்கவா பிழையாக அமத்தும்? என் போனிலேயே தமிழ்ப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். 'உங்கள் பதிவு கிடைத்தது' என்று பச்சையாக வந்தது. பட்டியலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சேர்வரில் நான் எழுதிய கோப்பைத் திறந்தேன். எங்கள் தளம் ஒரே பக்கம்தான். உள்ளே எந்த முகவரிக்குப் போனாலும் அந்தப் பக்கமே தன்னை மாற்றிக் காட்டும். யாராவது நடுவில் புதுப்பித்தால் 'காணவில்லை' என்று வரக்கூடாதே என்பதற்காக ஒரு மிடில்வெயார் போட்டிருந்தேன்: எது வந்தாலும் பிடி, 'சரி' என்று சொல்லி முதல் பக்கத்தைக் கொடு. வருகிற கோரிக்கை அரசாங்கக் கச்சேரியில் கவுண்டர் கவுண்டராகப் போவதுபோல மேலிருந்து கீழே போகும். எல்லாவற்றையும் பிடிக்கிற இந்த வரி ஆகக் கடைசியில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிக் கீழே எதுவும் போகாது.

சிங்களப் படிவத்தையும் இங்கிலீஷ் படிவத்தையும் சேமிக்கிற வரிகள் அதற்கு மேலே இருந்தன. பிறகு சேர்த்த தமிழைக் கீழே எழுதியிருந்தேன், மடச்சி. தமிழில் அனுப்பியதையெல்லாம் அந்த வரி பிடித்து, எங்கும் சேமிக்காமல், 'சரி' என்று பதில் சொல்லியிருக்கிறது. 'சரி' வந்தால் பச்சை காட்டு என்று எழுதியதும் நான்தான். அன்று சோதித்தபோதும் பச்சையைப் பார்த்துவிட்டுப் பெருநாள் உடுப்பு எடுக்கப் போனேன். பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை.

எத்தனை பேர் அந்தப் பச்சையை நம்பி, அழைப்பு வரும் என்று வீட்டில் இருக்கிறார்களோ. ஒருத்தி நேரில் வந்தாள். அவளையும் பொய்க்காரி மாதிரி அனுப்பிவிட்டேன்.

"நாநா, அவங்க சரியாத்தான் பதிஞ்சீக்காங்க. நான்தான் தொலச்சிட்டேன்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

நாநா ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நேரே உள்ளே டொக்டரிடம் போனார், வேகமாகத் திரும்பி வந்தார். "ஒருத்தருக்குப் பிரஷர் கூடிட்டுதாம், இண்டைக்குச் செய்ய ஏலாதாம். அந்த இடத்துக்கு எடுக்கலாமாம். டொக்டர் பகலைக்குக் கொழும்பு போறார். அதுக்கு முந்திக் கூட்டிட்டு வா."

ஒரு திரீவீலைப் பிடித்து, நாவலப்பிட்டி பஸ்கள் புறப்படும் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசல். வழி முழுக்க அந்தத் தாயின் ஏச்சுத்தான் காதில். இப்போது நானே போய், "பிழை உங்கட மகள்ட இல்ல, என்னுடையது" என்று சொல்ல வேண்டும், கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

நாவலப்பிட்டி பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. நின்ற பஸ்கள் எல்லாவற்றிலும் ஏறிப் பார்த்தேன். தேநீர்க் கடைகளில் பார்த்தேன். அவர்கள் இல்லை. நாவலப்பிட்டியைச் சுற்றி எத்தனை தோட்டம், ஒவ்வொன்றிலும் எத்தனை பாலம்மா.

நாநா கோல் எடுத்தார். "கெடச்சாங்களா?"

"பஸ் பெய்த்து நாநா."

"அப்ப அந்தப் புள்ளைக்கு ஒரு கோல் எடேன். வழியில கம்பளையில இறங்கித் திரும்பி வரச் செல்லு. டொக்டர் காத்துட்டு ஈக்கிறார்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நம்பர் போடாம அந்தப் படிவத்த அனுப்ப ஏலாதே, நப்லா. போட்டிருப்பாங்களே."

"போட்டாங்க நாநா," என்றேன். "பேர், ஊர், நம்பர், எல்லாம் போட்டாங்க. அதத்தான் நான் தொலச்ச."