இரண்டு ஆள் மெத்தைப்பெட்டி

தோவாளைப் பூ வியாபாரி சிவதாணு தன் கையால் செய்த மெத்தைப்பெட்டி, கடைசி ஆணி இறங்கிய கையோடு தரையைவிட்டு எழும்பி உத்தரத்தில் போய் முட்டி நின்றது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த 1949 ஆனி மாதம் அது. அன்றைக்குப் பிச்சிப்பூ விலை மட்டம், அரளியைக் கேட்பாரில்லை. பெட்டி எழும்பியதை நம்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அரளி விலையையும் நம்புவதில்லை, அவர்களை விட்டுத்தள்ளுவோம்.

அவர் அந்தப் பெட்டியைச் செய்ததே ஒரு ஆசைக்காகத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனைவி சண்முகவடிவு முன்னறையில் அவர் பக்கத்தில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. புருஷன் முன்னால் பெண் உட்காரக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு முறை. மருமகன் முன்னால் மாமியார் உட்காருவது என்பது பேச்சுக்கே கிடையாது. ஆகவே அவர் சாப்பிட்டுக் கதை பேசும் நேரமெல்லாம் அவள் கதவுநிலையில் சாய்ந்து நின்றபடியே கேட்பாள், சிரிப்பாள், சண்டையும் போடுவாள். சாயங்காலமானால் கால் இரண்டும் வீங்கிவிடும். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் சிவதாணுவுக்கு மனசு கிடந்து அடிக்கும். ஒருமுறை கல்யாணப் பூ கொண்டு திருவனந்தபுரம் போன இடத்தில், ஒரு வக்கீல் வீட்டு முன்னறையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மெத்தையில் பக்கம்பக்கமாக உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்த்தார். குடித்து முடித்ததும் அந்த அம்மாள் எழுந்து, உட்கார்ந்திருந்த மெத்தையை மூடிபோலத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு சால்வையை எடுத்தாள். சிவதாணு பூவுக்குப் பணம் வாங்க மறந்து பஸ் ஏறிவிட்டார்.

"கட்டிலுக்குக் கணக்கு உண்டு, பெட்டிக்குக் கணக்கு உண்டு. ரெண்டும் சேந்ததுக்கு என்ன வேய் கணக்கு?" என்று ஊர் ஆசாரி கைவிரித்துவிட்டதால் அவரே வேலையில் இறங்கினார். அயனிப் பலகை அறுத்து, விரலை நசுக்கி, மூடிக்குக் கீல் வைத்து, அதன்மேல் தேங்காய்நார் பரப்பி, நாரின்மேல் இலவம்பஞ்சு வைத்தார். தப்பு நடந்தது அங்கேதான். பஞ்சு ஆரல்வாய்மொழிக் கணவாயில் பொறுக்கியது, காற்றடி காலத்தில் வெடித்த காய். அந்த இடத்துப் பஞ்சை மூடிய அறையில் ஒரு மாதம் போட்டுக் காற்றிறக்கிய பிறகுதான் உறையில் அடைப்பது வழக்கம். சிவதாணுவுக்கு எங்கே பொறுமை? காற்றோடு அடைத்தார். உறையைத் தைத்தவள் வடிவு. பூக்கட்டுகிற முடிச்சையே நெருக்கிப் போட்டுத் தைத்தாள். அவள் கட்டிய சரத்திலிருந்து ஒரு பூ உதிர்ந்ததாக ஊரில் பேச்சில்லை. அந்தத் தையலைத் தாண்டிக் காற்று வெளியே போக வழியே இல்லை. தைத்துக்கொண்டே சொன்னாள், "பெட்டி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. சாமானம் வைக்கலாம். ஆனா நான் இதுல இரிக்கமாட்டேன், பாத்துக்கிடுங்க."

"ரெண்டு ஆளுக்கு அளவெடுத்தாக்கும் செஞ்சிருக்கேன்."

"அப்ப நீங்களே ரெண்டு ஆளா இரிங்க."

பெட்டி உத்தரத்துக்குப் போனதும் கயிறு போட்டு இழுத்தார்கள். தையலைப் பிரித்துவிட்டால் காற்று போய்விடும், பெட்டி அடங்கும் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். "அவ கைத்தையல்ல கத்தி வைக்க எனக்கு மனசு வரல்ல" என்றார் சிவதாணு. உள்ளே நின்ற வடிவின் காதில் அது விழுந்தது. அன்றைக்கு அவியலில் தேங்காய் கூடுதலாக இருந்தது. பிறகு, மகள் ஓமனாவின் கல்யாணத்துக்கென்று சேர்த்துவைத்திருந்த உருளி, அண்டா, வெண்கலப்பானை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் பெட்டிக்குள் இறக்கி மூடினார்கள். பெட்டி பைய தரைக்கு வந்தது. அதன்பிறகு காற்று மாதங்களில் மட்டும் நாலு விரல் உயரம் எழும்பி நிற்கும். "அடியில பெருக்க எளுப்பமாட்டு இருக்கு" என்று வடிவு அதற்கும் ஒரு நன்மை கண்டுபிடித்தாள். வருஷங்கள் போயின. தோவாளைத் தாலுகாவைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் பஸ் ஓடாத நாட்களில் வழியில் அகப்பட்டு நின்றவர்கள்கூட அதில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள். சிவதாணு தினமும் இடதுபக்கம் மட்டுமே உட்காருவார். அந்தப் பக்கத்துத் துணி வெளுத்துப்போனது, வலதுபக்கம் அப்படியே புதுசாக இருந்தது. வடிவு நிலையில் நின்றாள்.

1956 ஆவணியில் ஓமனாவைத் திருவட்டாற்றுக் குமாரதாசுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பாத்திரங்களை வண்டியில் ஏற்ற ஆரம்பித்ததும் பெட்டி ஆடத் தொடங்கியது. ஓமனா வண்டியை விட்டு இறங்கி வந்துவிட்டாள். "உருளி இங்கயே கெடக்கட்டும்பா. இல்லேண்ணா பெட்டி போயிரும்."

"உனக்குள்ளது உனக்கு மக்கா. பெட்டிய நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று சிவதாணு தன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவரோ மெலிந்த ஆள். கடைசிக் குத்துவிளக்கு வாசல் தாண்டியதும் பெட்டி அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே போனது. கல்யாணக்கூட்டம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பந்திக்குப் போயிற்று. வடிவு பெட்டியிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து, அவரை இறங்கச் சொன்னாள். "நீ இழுத்து எனக்க பக்கத்துல இரி. அப்பதான் இறங்குவேன்." "அப்ப அங்கயே கெடங்க" என்று அவள் கயிற்றை விட்டுவிட்டாள். புரட்டாசி முழுவதும் அவர் உத்தரத்தடியிலிருந்தே பூவுக்கு விலை சொன்னார். மாங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பில் தூக்குப்போணியை மாட்டி அவள் மூன்று வேளையும் கஞ்சி ஏற்றினாள். திட்டிக்கொண்டேதான் ஏற்றினாள், ஆனால் துவையல் ஒருவேளைகூடத் தவறவில்லை.

ஒருநாள் போணியை எட்டிப் பிடிக்கையில் அவர் பிடி நழுவிக் கஞ்சி அவள் தலையில் சிந்தியது. துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அவர் தலைமயிரெல்லாம் ஒட்டடை. ஓமனா இல்லாத வீட்டில் இந்த ஒரு ஆளும் எட்டாத உயரத்தில் இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். கயிற்றை இழுத்தாள். வெளுக்காத வலதுபக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டது. அவள் கால் தரையில் படவில்லை. திரும்பிப் பார்த்தால் எழுந்துவிடுவாளோ என்று சிவதாணு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் ஆறட்டும்ணு இரிக்கேன், வேற ஒண்ணுமில்ல" என்றாள். அதிலிருந்து தினமும் மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். மற்ற நேரம் பெட்டி ஜன்னல் கம்பியில் கட்டிக்கிடந்தது. அவள் கால் வீக்கம் வற்றியது.

தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வாரம், தலைதீபாவளிக்கு ஓமனாவும் குமாரதாசும் வந்தார்கள். சொல்லியிருந்த பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துத் தாழ் போட மறந்திருந்தது. மருமகன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, மாமியார் மாமனாருக்குப் பக்கத்தில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். வடிவின் கை எழுவதற்காகப் பலகையின் ஓரத்தைப் பிடித்தது. சிவதாணு அவள் காலைப் பார்த்தார். பிடித்த கையை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாங்க மாப்பிள்ளே. எழும்பல்லேண்ணு நினைக்காதீங்க. நான் எழும்பினா இவரு மேல போயிருவாரு."

குமாரதாஸ் உத்தரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். "வேண்டாம் மாமி, நீங்க இரிங்க" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துக் கீழே உட்கார்ந்தான். ஓமனா காப்பி போட உள்ளே போனாள். இருவரும் சேர்ந்து எழுந்தால் பெட்டி மட்டும்தான் மேலே போகும் என்பது ஓமனாவுக்குத் தெரியும், மருமகனுக்கும் தெரியும், தோவாளை முழுக்கத் தெரியும். இதுவரை யாரும் அதை வடிவிடம் சொன்னதில்லை.