கம்பிக்குக் கீழே ஒரு தகர வீடு

காலையில் கோழிப் பண்ணைக்குப் போகிற வழியில் கண்ணுசாமி நின்றுவிட்டார். அவருடைய பண்ணையாள் மாதையனின் மனைவி ஆராயி, காய்ந்த பனஞ்சிராய் ஒன்றைக் கொண்டு தன் வீட்டுத் தகரக் கதவை நெம்பித் திறந்துகொண்டிருந்தாள். கையால் தொடவில்லை. கதவு விலகியதும் சிராயைச் சுவரோரம் சாத்தினாள். பிறகு உடம்பை ஒடுக்கி, தோள் தகரத்தில் படாமல் உள்ளே நுழைந்தாள்.

அவருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"ஏம்புள்ள, ஊட்டுக்குள்ள பாம்பு கீது பூந்துருச்சா? சொந்த ஊட்டுக் கதவக் குச்சியால தொறக்கறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஆராயி வெளியே வந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். "கைய வெச்சாச் சுருக்குனு புடிக்குதுங்க பண்ணாடி. கீழ ஈரமா இருந்தா இன்னும் சாஸ்தியாப் புடிக்குது."

"புடிக்கும் புடிக்கும். வேலைக்குக் கூப்பிட்டா உங்குளுக்கு எல்லாமே புடிக்கும்."

தலைக்கு மேலே, கோபுரத்துக்குக் கோபுரம் தொங்கிய மின்கம்பிகள் பனி ஈரத்தில் வண்டுக் கூட்டம் போல இரைந்துகொண்டிருந்தன. கண்ணுசாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்கு ஆத்திரம் வரும். அந்தக் கோபுரங்கள் சங்ககிரிப் பக்கமிருந்து வந்து அவருடைய காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனபோது, காய்த்துக்கொண்டிருந்த தென்னைகளைச் சாய்த்துவிட்டார்கள். கம்பிக்குக் கீழே இனி மரம் வளர்க்கக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

முன்பு அந்த இடத்தில்தான் அவருடைய கோழிக் கொட்டாய் இருந்தது. கம்பியில் மின்சாரம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவர் மேட்டாங்காட்டில் சிமெண்ட் சீட் போட்டுப் புதுக் கொட்டாய் எழுப்பிக் கோழிகளை அங்கே கொண்டுபோய்விட்டார். பழைய இடத்தில் காற்றோட்டம் போதவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டார். காலியான இடத்தையும் பிரித்துப் போட்ட தகரத்தையும் மாதையனுக்குக் கொடுத்தார். மாதையன் மண் சுவர் வைத்து, பனங்கால் நட்டு, அந்தத் தகரங்களைக் கூரையாக வேய்ந்துகொண்டான். மிஞ்சியதில் ஒன்று கதவாயிற்று.

"ஒழுகற ஓலைக் குடிசையில கெடந்தவனத் தகர ஊட்டுல குடி வெச்சேன்" என்று கண்ணுசாமி டீக்கடையில் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் மனம் நிறையும். அதில் பொய் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

அன்று மாலை மாதையன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஏன்டா?"

"ஆராயி மறுக்காவும் முழுகாம இருக்குறாளுங்க. போன வருசம் ஏழாம் மாசத்துல தவறிப்போச்சுங்களே... அவளுக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது. கம்பி எரைச்சல்ல ராத்திரிக்குத் தூக்கமில்லை, தலவலிங்கறா. கெணத்து மேட்டுல ஒரு ஓலக் கொட்டாய் போட்டுக்க எடங் குடுத்தீங்கன்னா..."

"அதுக்கும் கம்பிக்கும் என்னடா சம்பந்தம்?"

"தெரியலீங்க. சந்தேகமா இருக்குதுங்க."

"சந்தேகம்!" கண்ணுசாமி எழுந்துவிட்டார். வாய்க்கால் தகராறு ஒன்றுக்காக நாமக்கல் கோர்ட்டுக்குப் பல வருஷம் நடந்தவர் அவர். வழக்கு தோற்றது, ஆதாரத்துக்கு வக்கீல்கள் சொல்லும் வார்த்தை ஒன்று மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. "ருசு இருக்குதாடா? கம்பியாலதான் கொழந்த போச்சுன்னு ருசு காட்டு. வாயில வந்ததப் பேசுனா ஆச்சா? வா, இப்பவே போய்ப் பாக்கலாம். அடிக்குதா அடிக்கலியான்னு நானே தொட்டுப் பாக்கறேன்."

விறுவிறுவென்று நடந்தார். லாரி டயரை அறுத்துத் தைத்த அவருடைய செருப்பு வரப்பில் டப்டப்பென்று அடித்தது. மாதையன் வெறுங்காலோடு பின்னால் ஓடினான். அந்தக் காட்டுக்குள் பண்ணையாட்கள் செருப்புப் போடுவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. கண்ணுசாமியின் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். சந்தைக்குப் போக மாதையன் வைத்திருந்த செருப்பும் வேலிக்கு வெளியேதான் கிடக்கும்.

கண்ணுசாமி தகரக் கதவில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். எறும்பு ஊர்ந்தது போல லேசாக ஏதோ இருந்தது. அதை அவர் முகத்தில் காட்டவில்லை.

"பாத்தியா? எனக்கு அடிக்கலை. கரண்டு என்ன ஆளுப் பாத்தா அடிக்குது? உன்ற பொண்டாட்டிக்கு மட்டும் சுருக்குங்குதாம். கெணத்து மேட்டுல சோளம் போடப்போறேன். எடமில்லை. போ."

ஆராயி கதவோரம் நின்று அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு அவருடைய காலைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் மாதையன் அவளை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினான். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள்.

"போன கொழந்தை எதனால போச்சுன்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா. ரத்தம் கம்மியா இருந்திருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். பெரிய கம்பிக்குப் பக்கத்துல இருந்தா ஒடம்புக்குக் கெடுதல் வருமான்னு வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. முடிவா ஒண்ணும் சொல்லலை. வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா தொட்டா ஷாக் அடிக்கிற வீட்டுல மாசமா இருக்கறவ இருக்கக் கூடாது. அது நிச்சயம். கரண்ட் ஆபீசுல போய்ச் சொல்லுங்க."

மாதையன் கரண்ட் ஆபீசில் சொல்லுமுன் கண்ணுசாமியிடம் வந்து சொன்னான். அதுதான் அவன் செய்த பிழை. பண்ணாடிக்குத் தெரியாமல் எதையும் செய்து அவனுக்குப் பழக்கமில்லை.

"என்ற எடத்துல உக்காந்துக்கிட்டு என்ற மேலயே புகார் குடுக்கறியா?" கண்ணுசாமியின் குரல் பக்கத்துக் காடுவரை கேட்டது. "நன்னி கெட்ட நாயே! ஆபீஸ் படி ஏறிப் பாரு, அன்னிக்கே சட்டி பானையத் தூக்கிக்கிட்டுப் போயிறோணும். வேலையுங் கெடையாது. உனக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் வேலை குடுக்காமப் பண்ணிருவேன்."

மாதையன் வாயை மூடிக்கொண்டான். பண்ணையில் எல்லார் வாயும் மூடிக்கொண்டது. கண்ணுசாமி வந்தால் ஆட்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தார்கள். ஆராயியின் வயிறு மட்டும் அவர் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்குக் கோபம் வந்தது. ஏன் வருகிறது என்று அவர் யோசிக்கவில்லை.

இப்படி இருக்கையில் நாமகிரிப்பேட்டையிலிருந்து அவருடைய மச்சினன் பச்சமுத்து வந்தான். அவனும் கோழிப் பண்ணை வைக்கப்போகிறானாம். யோசனை கேட்க வந்திருந்தான். யோசனை சொல்வதென்றால் கண்ணுசாமிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். புதுக் கொட்டாய்க்குள் அவனைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாக விளக்கினார். ஆராயி ஓர் ஓரத்தில் குனிந்து முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், எம்பட காட்டுலயும் பெரிய கம்பி போவுதுங்க. அதுக்குக் கீழ எடம் சும்மாதான் கெடக்குது. அங்கயே கொட்டாயப் போட்டரலாமுங்களா?"

"அட, கூறுகெட்ட மாப்ள! கம்பிக்குக் கீழ போட்டீன்னா கோழியத் தொலச்சுப்போட்டு நிக்கோணும். நான் பட்டது போதும்."

"ஏனுங்க, காத்தோட்டம் பத்துலீன்னுதான மாத்துனதாச் சொன்னீங்க?"

"அது ஊருக்குச் சொல்றது." கண்ணுசாமி குரலைத் தணித்தார், ஆனால் அவருடைய தணிந்த குரலே கொட்டாய் முழுக்கக் கேட்கும். "கரண்டு உட்டதுல இருந்து கோழி மெரண்டு மெரண்டு உளுந்துச்சு. பாதி முட்டை ஓடில்லாத தோலு முட்டை. கோழி டாக்டரக் கூட்டியாந்து காட்டுனேன். வெயிலா இருக்கும், தீவனமா இருக்கும், கம்பிதான்னு ருசு இல்லைன்னு இழுத்தான். ருசு வாரதுக்குள்ள கோழி செத்துப்போச்சுன்னா அவனா வந்து குடுப்பான்? கேட்டுக்க மாப்ள, சந்தேகம் வந்துச்சுன்னா மொதல்ல சீவன அக்கட்ட நகுத்திப்போடோணும். ஆராய்ச்சி எல்லாம் அப்பறம். அதுதான் புத்தி."

முட்டை அட்டை தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது. ஆராயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பண்ணாடி, நம்மூட்டு வரைக்கும் ஒருக்கா வாங்க."

"எதுக்கு?"

"அன்னிக்கு ருசு கேட்டீங்களே. காட்டறேன்."

கண்ணுசாமி திட்ட வாயெடுத்தார். அதற்குள் பச்சமுத்து, "என்ன ருசு மச்சான்? வாங்க, போய்த்தான் பாப்பம்" என்று கிளம்பிவிட்டான். மச்சினன் முன்னால் பின்வாங்கியவர் என்று பேர் வாங்க அவர் தயாராயில்லை.

பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊறித் தகர வீட்டு முன்னால் ஈரமாக இருந்தது. கண்ணுசாமி கையை நீட்டினார்.

"செருப்பக் கழட்டிப்போட்டுத் தொடுங்க" என்றாள் ஆராயி.

பச்சமுத்து திகைத்துப்போனான். அந்தக் காட்டில், அந்தக் குடும்பத்தாரைப் பார்த்து, செருப்பைக் கழற்று என்று ஒருத்தி சொன்னது அதுதான் முதல் தடவை. சற்றுத் தள்ளி நின்ற மாதையன், "ஏ புள்ள!" என்று அதட்டினான். அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"எம்மட காலுல செருப்பு இல்லீங்க. அதுனாலதான் ஆளுப் பாத்து அடிக்குது. நீங்களும் எங்களாட்ட நின்னு தொட்டுப் பாருங்க."

கண்ணுசாமி டயர் செருப்பை ஒரு உதறு உதறினார். வெறுங்காலை ஈரத்தில் ஊன்றி, தகரத்தில் கையை வைத்தார்.

சடக்கென்று ஒரு பொறி. அவர் கை தானாகப் பின்னால் பறந்தது. முழங்கைவரை விறுவிறுத்தது. பச்சமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. மச்சானின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

கண்ணுசாமி கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "செரி, அடிக்குது. இல்லைங்கலை. அதுக்காக உன்ற கொழந்த இதுனாலதான் போச்சுன்னு ருசு ஆயிருமா?"

"ஆகாதுங்க" என்றாள் ஆராயி. அவள் குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியாது. அந்த டாக்டரம்மாவுக்கும் தெரியாது. உங்குளுக்கும் தெரியாது. கோழி விசியத்துலயுந்தான் தெரியாம இருந்துச்சு. அதுக்கு ருசு கேக்காமத் தூக்கிக்கிட்டுப் போனீங்க. அதே எடத்துல, அதே தகரத்துக்குக் கீழ எங்களக் கொண்டாந்து வெச்சுப்போட்டு எங்ககிட்ட மட்டும் ருசு கேட்டீங்க. நாங்க முட்டை வெக்கறதில்லை, அதுதானுங்களே?"

வாய்க்கால் வழக்கில் எதிர்க்கட்சி வக்கீல்கூடக் கண்ணுசாமியை இப்படி நிறுத்தியதில்லை. 'ஓலைக் குடிசையில் கிடந்தவனை' என்று தொடங்கலாமா என்று பார்த்தார். டீக்கடையில் அத்தனை தடவை சொன்ன வாக்கியம் இப்போது நாக்கில் நிற்கவில்லை. கம்பி மேலே இரைந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளில் முதல்முறையாக அவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"டேய் மாதையா" என்று கத்தினார். அவருக்குத் தணிவாகப் பேசத் தெரியாது. "நின்னு என்ன வேடிக்கை பாக்கற? ஆளுகளக் கூட்டிக்கிட்டுப் போய் மேட்டாங்காட்டுல கோழிக் கொட்டாய்க்குப் பக்கத்துல ஊடு போடு. ஓலை நான் வெட்டித் தாரேன். இந்தத் தகரம் வேண்டாம்."

"கோழிக்குப் பக்கத்துல வேண்டாமுங்க, நாத்தம்" என்றாள் ஆராயி. "கெணத்து மேட்டுல குடுங்க."

"அங்க சோளம்..." என்று தொடங்கிய கண்ணுசாமி பாதியில் நிறுத்தினார். "செரி, போய்த் தொலைங்க!"

அவள் கும்பிடவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. சிராயால் கதவைத் திறந்து, சட்டி பானையை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

பிறகு மாதையன் போய்ச் சொன்னதும் கரண்ட் ஆபீசிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். உயரழுத்தக் கம்பிக்குக் கீழே தகரக் கூரையோ நீளக் கம்பி வேலியோ இருந்து, அதை மண்ணில் புதைத்த இரும்புக் கம்பியோடு இணைக்காவிட்டால் தொடுகிறவர்களை அடிக்கும் என்றார்கள். அங்கே நீளமான ஈரத் தொரட்டிக் கழியைத் தூக்குவதே ஆபத்து என்றார்கள். வீடு அங்கே இருக்கவே கூடாது என்றார்கள். நோய் வருமா என்று மாதையன் கேட்டதற்கு மட்டும், அது எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

ஆராயிக்குக் கிணற்று மேட்டு ஓலை வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலமாக இருந்தார்கள். இடம் மாறியதால்தான் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அப்படி அடித்துச் சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. ஆராயியும் அப்படிச் சொன்னதில்லை.

கம்பிக்குக் கீழே கண்ணுசாமி கொள்ளு விதைத்தார். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர், தன் பண்ணையாளுக்கு அப்படிப்பட்ட ஓர் இடத்தைத்தான் கொடுக்கப்போவதாக டீக்கடையில் பெருமையாகச் சொன்னார். கண்ணுசாமி டம்ளரைப் படாரென்று பெஞ்சில் வைத்தார்.

"மொதல்ல உன்ற கட்டலத் தூக்கிக்கிட்டுப் போய் அந்தக் கம்பிக்குக் கீழ போட்டுப் படு. உன்ற பொண்டாட்டி புள்ளயையும் கூட்டிக்க. அங்க செருப்பில்லாம நட. முடியாதுன்னா, அங்க எவனையும் குடி வெக்காதே. கெடுதல் வருமா வராதான்னு தெரியாத எடத்துல, எல்லா உசுருக்கும் ஒரே ருசுதான்டா கேக்கோணும்."